அவருக்குப் பதிலாகப் பேசியவள்

சாயங்காலம் ஏழு மணிக்கு ஃபோன் அடித்தால் அது சலூன்காரர் வீட்டிலிருந்துதான் என்று டீச்சர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்றால் டீச்சரும் அவள் கணவரும்தான். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறது.

"எடும்மா, உன் ரெண்டாவது குடும்பம்," என்றார் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டீச்சர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"டீச்சர், ஒரு நிமிஷம் இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன்," என்றாள் சலூன்காரரின் மனைவி. "மத்தியானத்துலேர்ந்து ஒரே 'அதான், அதான்'. சாப்பாடான்னு கேட்டேன், அதுக்கும் 'அதான்'. தண்ணியான்னேன், குடுத்தா தள்ளி விடுறாரு. பாத்ரூமான்னு கேட்டதுக்கு என்னை முறைக்கிறாரு. நீங்களே கேளுங்க."

கொஞ்சம் கரகரப்பு. பிறகு அந்தக் குரல். "அதான்... அதான்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டாவது 'அதான்' கடைசியில் மேலே ஏறியது. "அண்ணே, கடைக்குப் போகணுமா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம் மெதுவாக, "அதான்."

"கடைக்குப் போகணுமாம்கா. வியாழக்கிழமை கடைக்குக் கூட்டிட்டுப் போறீங்கல்ல, இந்த வாரம் இன்னும் ஒரு மணி நேரம் உக்கார வைங்க."

"நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். நான் இவரோட இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துறேன், எனக்கு ஒரு மண்ணும் புரியல. உங்களுக்கு ஒரு வார்த்தையில புரிஞ்சுடுது."

இதைக் கேட்டுவிட்டு ஃபோனை வைக்கும்போது உடம்பில் இருந்த அசதி கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கும். டீச்சர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களைத் திரும்பப் பேசப் பழக்குகிற வேலை. அதற்கு ஸ்பீச் தெரபிஸ்ட் என்று பெயர். நாக்கே புரளாதவர்களிடம் போய் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்வது பாவம் என்று என்றைக்கோ யாரோ டீச்சர் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. இருபத்து மூன்று வருஷமாக அதே மையம், முதல் மாடியில் அதே அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு டப்பா நிறையப் பட அட்டைகள். சாவி, குடை, சீப்பு, நாய், கத்தரிக்கோல். அட்டைகளின் ஓரமெல்லாம் கை பட்டுப் பட்டு அழுக்கேறி மெத்தென்று ஆகிவிட்டன.

அந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. சரியாகிப் போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள். வரக் கூடாது, அதுதானே சரியாவது. சரியாகாதவர்கள்தான் வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் எத்தனை பேரைப் பேச வைத்தாலும், நாள் முழுக்கக் கண்ணெதிரே இருப்பது பேச வராதவர்கள்தான். இருபத்து மூன்று வருஷம் இப்படி உட்கார்ந்தால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். டீச்சருக்கு இப்போதெல்லாம் காலையில் மாடிப்படி ஏறும்போதே களைத்துவிடுகிறது. முட்டிவலி என்று சொல்லிக்கொள்கிறாள். முட்டியில் ஒன்றுமில்லை.

சலூன்காரர் வந்து ஒன்பது மாதமாகிறது. ஒரு காலத்தில் அவர் கடையில் முடி வெட்டக் கால் மணி, பேச்சுக்கு முக்கால் மணி. மழித்த தலையோடு கூடச் சிலர் வந்து உட்கார்ந்திருப்பார்களாம், அவர் பேச்சைக் கேட்க. வலது கையும் காலும் மூன்றே மாதத்தில் திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் வரவில்லை. ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. சிலருக்கு அப்படி ஒன்று தங்கிவிடும். ஒருவருக்குக் கெட்ட வார்த்தை தங்கும், ஒருவருக்கு மகள் பெயர். இவருக்கு 'அதான்'. கடையில் யார் எதைச் சொன்னாலும் "அதான் சார்" என்று ஆரம்பிப்பாராம்.

டீச்சர் அந்த 'அதானை' வகை பிரித்து வைத்திருந்தாள். இழுத்துச் சொன்னால் சலிப்பு. இரண்டு முறை சொல்லி ஏற்றினால் கடை. மேசையைத் தட்டிக்கொண்டு சொன்னால் பசி. மனைவியைப் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் திட்டு. மொத்தம் பதினொன்று. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கூட வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். படச் சோதனையிலும் இருபது அட்டைக்கு நாலில் ஆரம்பித்து இப்போது பதினேழு வரை வந்துவிட்டார். அவள் தாளில் அப்படித்தான் இருந்தது.

மையத்தில் ஒரு வழக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நோயாளியை வேறொருவர் சோதிக்க வேண்டும். பழக்கியவர் பக்கத்து அறையில், உள்ளிருப்பவருக்குத் தெரியாத கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம், உள்ளே போகக் கூடாது. சலூன்காரர் விஷயத்தில் டீச்சர் இரண்டு முறை இதைத் தட்டிக்கழித்திருந்தாள். புது ஆளைப் பார்த்தால் மிரண்டுவிடுவார், நானே எழுதிவிடுகிறேன் என்று. மூன்றாவது முறை அது பலிக்கவில்லை. சோதிக்க வந்தவர் ஸ்டாப்வாட்ச்.

ஸ்டாப்வாட்சுக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கும். ஆனால் கழுத்தில் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டுக்கொண்டு பதினெட்டு வருஷமாக அலைகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது. டீச்சரை விட இரண்டு வயது மூத்தவர். டீ குடிப்பதற்குக் கூட நேரம் பார்ப்பார்.

சலூன்காரர் உள்ளே வந்ததும் நாற்காலியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். டீச்சரைத் தேடுகிறார் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளுக்குப் புரிந்தது.

"வணக்கம்ணே. இது என்ன?" ஸ்டாப்வாட்ச் ஒரு அட்டையை வைத்தார். சாவி.

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. ஸ்டாப்வாட்சின் வாயைப் பார்த்தார். அந்த வாய் மூடியிருந்தது. பத்து நொடி, இருபது நொடி. ஸ்டாப்வாட்ச் அசையவே இல்லை, கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார். முப்பது நொடியில் அட்டையை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தார். சீப்பு. சலூன்காரர் மறுபடியும் வாயைத்தான் பார்த்தார். முப்பது வருஷம் கையில் பிடித்த சீப்பு. "அதான்," என்றார். கண் கலங்கிவிட்டது.

டீச்சருக்குக் கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம் போல இருந்தது. நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இருபதுக்கு ஐந்து.

மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு கீழே போன பிறகு ஸ்டாப்வாட்ச் தாளோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க மிரட்டிட்டீங்க," என்றாள் டீச்சர். "ஒரு சிரிப்பு கிடையாது, ஒண்ணு கிடையாது. சிலை மாதிரி உக்காந்தா யாருக்கு வாய் வரும்?"

"சரி, நான் சிலை. நீ இப்போ ஒண்ணு செய். என்கிட்ட இந்த அட்டையைக் காட்டி, இது என்னன்னு கேளு."

"விளையாட நேரமில்ல."

"கேளும்மா தாயே. அரை நிமிஷம்."

அவள் ஒரு அட்டையை எடுத்தாள். குடை. "இது என்ன?"

ஸ்டாப்வாட்ச் பேசாமல் அவள் முகத்தையே பார்த்தார். நாலைந்து நொடி போயிருக்கும். பிறகு தன் உதட்டைக் குவித்துக் காட்டினார். "பாரு. இதோ, 'கு'. இப்படி வெச்சிருக்க வாயை. உனக்கே தெரியல."

டீச்சர் கையை வாயில் வைத்தாள். உதடு குவிந்துதான் இருந்தது.

"அவர் அட்டையைப் பார்க்கல. உன் வாயைப் பார்த்துச் சொல்லியிருக்காரு, ஒன்பது மாசமா. ரெண்டு மணி நேரம் பூட்டை ஆட்டிட்டு, சாவி உன் இடுப்புலயே இருந்தா கதவு எப்படித் திறக்கும்? அந்தப் பதினேழு அவரோடது இல்ல, உன்னோடது."

"நான் வேணும்னு பண்ணல."

"யாரு சொன்னா வேணும்னு பண்ணினேன்னு. நாமதான் பத்து எண்ணணும்னு படிச்சோம். நீ இப்போ எத்தனை எண்ணுற?"

முதல் சில வருஷங்கள் மனதுக்குள் பத்து எண்ணுவாள், நாக்கைக் கடித்துக்கொண்டாவது. அப்புறம் எட்டானது. இப்போது நாலு கூட இல்லை. ஒரு மனுஷர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு சொல்லுக்காகத் திண்டாடுவதைத் தினமும் எட்டு முறை பார்ப்பது லேசில்லை. ஐயோ பாவம் என்று எடுத்துக் கொடுத்துவிடுவாள். இரக்கம் என்று நினைத்திருந்தாள். பாதி அதுதான். மீதிப் பாதி, சீக்கிரம் முடியட்டும் என்கிற அலுப்பு. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடந்ததில் எது எது என்று அவளுக்கே தெரியாமல் போய்விட்டது.

"அஞ்சுன்னு போட்டா ஆறு வாரம்தான் தருவாங்க," என்றார் ஸ்டாப்வாட்ச். "அதுல ஏறலைன்னா கேஸை மூடிடுவாங்க. வெளிய எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு உனக்கே தெரியும். மூடிட்டா அவருக்கு ஆயுசுக்கும் அந்த ஒரு வார்த்தைதான்."

"நான் ஒழுங்கா எண்ணுறேன். இனிமே பார்த்துக்கிறேன்."

"உன்னால முடியாது. முடியாதுன்னு திட்டல. அவர் உன்னைப் பார்த்தா உன் வாயைத்தான் தேடுவாரு. ஆறு வாரம் என்கிட்ட விடு. நீ அந்த அறைப் பக்கம் வரக் கூடாது. முக்கியமா ஃபோனை எடுக்கக் கூடாது."

"அவர் வீட்டுல யாருக்கும் அவர் சொல்றது புரியாதுங்க."

"ஏன் புரியணும்? உனக்கு ஒரு ஃபோன் பண்ணினா வேலை முடிஞ்சுது."

அன்றைக்கே இறங்கிப் போய் அவர்களிடம் சொன்னாள். மருந்துக் கடை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னாள்: நாளையிலிருந்து இன்று சோதித்தவர் பார்ப்பார், நான் இல்லை, ஃபோனிலும் வேண்டாம்.

மனைவிக்கு முகம் இறுகிவிட்டது. "அஞ்சுன்னு வந்ததாலயா? அந்த ஆள் கேட்டா எனக்கே பேச்சு வராது டீச்சர். அதுக்காகக் கைகழுவிடுறதா?"

"கைகழுவலக்கா. நான் இருந்தா அவருக்குப் பேச்சு வராது."

"இது என்ன கதை? நீங்க இருந்துதானே இவ்வளவு தூரம் வந்தாரு."

சலூன்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதான்," என்றார். எந்த வகை என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை. அது கூட அவளுக்கு வலித்தது.

அடுத்த ஒரு வாரம் ஏழு மணி மிகவும் மோசமான நேரமாக இருந்தது. ஃபோன் அடிக்கும். அவள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுப்பைத் துடைப்பாள். சுத்தமான அடுப்பைத் துடைப்பாள். கணவர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "அதுல இன்னும் தேய்க்கப் பெயிண்ட்தான் பாக்கி," என்றார். இரண்டு நாள் இரவில் மகளுக்கு ஃபோன் செய்தாள். மகள் ஏதோ ஆபீஸ் விஷயம் சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, "அம்மா, நானே சொல்லி முடிச்சுக்கறேனே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன குரலில்தான் சொன்னாள்.

மையத்திலும் அப்படித்தான். தன் அறைக்குப் போக அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒரே நிசப்தம். உள்ளே ஆள் இருக்கிறாரா, இல்லையா என்று சந்தேகம் வருகிற நிசப்தம். ஒரு நாள் நின்றுவிட்டாள். நிமிஷக் கணக்கில் ஒன்றுமில்லை. பிறகு, "ச... ச... சீ..." என்று கேட்டது. அவள் உதடு தானாக நீண்டது. நடந்து போய்விட்டாள்.

எட்டாவது நாள் வியாழக்கிழமை. அவள் கடையிலிருந்து பால் வாங்கிக்கொண்டு வருவதற்குள் ஃபோன் அடித்து, கணவர் எடுத்துவிட்டார்.

"அழுறாங்க அந்தம்மா. நான் என்ன பண்ணட்டும்," என்று நீட்டினார்.

வாங்காமல் இருக்க முடியவில்லை.

"டீச்சர், என் மேல என்ன கோவமோ அதை அப்புறம் வெச்சுக்கங்க. இன்னைக்குக் கடைக்குக் கூட்டிட்டுப் போற நாள். கடையைப் பார்த்துக்கற என் தம்பி அங்க காத்துட்டிருக்கான். சட்டையைப் போட்டுவிட்டா கழட்டுறாரு. மறுபடி போட்டேன், பட்டனைப் பிச்சு எறிஞ்சுட்டாரு. அதான், அதான்னு கத்துறாரு. ஒரே ஒரு தடவை என்னான்னு சொல்லிடுங்க."

பின்னால் அவர் குரல் கேட்டது. இரண்டு முறை. கடைசியில் ஏறியது. கடை. சந்தேகமே இல்லை. சட்டையைக் கழற்றுகிறார் என்றால், கடையில் போடுகிற நீலக் கோட்டைக் கேட்கிறார். வேலைக்குப் போகிறவன் சும்மா சட்டையோடு எப்படிப் போவான். டீச்சருக்கு அது பளிச்சென்று தெரிந்தது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. 'அந்த நீலக் கோட்டை எடுத்துக் குடுங்கக்கா.' ஆறு வார்த்தை கூட இல்லை. சொன்னால் அழுகை நிற்கும், எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

"எனக்குத் தெரியலக்கா," என்றாள்.

"உங்களுக்கா தெரியாது?"

"தெரியல. அவரையே கேளுங்க. ஒரு தடவை கேட்டுட்டு, அப்புறம் நீங்க வாயே திறக்கக் கூடாது. மனசுக்குள்ள முப்பது எண்ணுங்க. வரலைன்னா இன்னொரு முப்பது."

"நான் வாயை மூடினா எங்க வீட்டுல யாரும் நம்ப மாட்டாங்க டீச்சர்."

"இன்னைக்கு ஒரு நாள் மூடுங்க. நானும் மூடிக்கிறேன்."

அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். பிறகு, "என்னங்க, என்ன வேணும் உங்களுக்கு? சொல்லுங்க. நான் பேசல."

டீச்சர் பால் பையைக் கையில் பிடித்தபடி நின்றாள். எண்ணினாள். பத்து. யாரோ மூச்சு வாங்குகிறார்கள். பதினெட்டு. "அதான்." இருபத்து மூன்று. "அதா..." பாதியில் நின்றது. முப்பது தாண்டிவிட்டது. அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். ஃபோனில் யாருக்கு அவள் வாய் தெரியப்போகிறது, ஆனாலும் கடித்துக்கொண்டிருந்தாள்.

"க... க..."

மனைவி ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டது கேட்டது.

"கட... கடை."

அவள் நினைத்ததுதான். கடை. டீச்சருக்கு ஒரு கணம் பெருமையாகக் கூட இருந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். ஆனால் அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கவில்லை. இத்தனை மாதத்தில் இந்த இடத்துக்கு அப்பால் அவரை யாரும் விட்டதில்லை.

"கடை... போ... போதும்."

டீச்சர் பால் பையை மேசையில் வைத்தாள்.

"போதும்," என்றார் அவர் மறுபடி. தெளிவாக. "மச்சான்... மச்சான் பாக்கட்டும்."

"போதுமா?" மனைவியின் குரல் உடைந்திருந்தது. "கடை போதுமா? வேணாமா உங்களுக்கு? ஒவ்வொரு வியாழனும் கூட்டிட்டுப் போனேனே. கண்ணாடி முன்னாடி உக்கார வெச்சேனே. எல்லாரும் வந்து பேசுங்க பேசுங்கன்னு... டீச்சர், நீங்கதானே கடைக்குப் போகணுமாம்னு சொன்னீங்க?"

டீச்சர் அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடி முன்னால், தன் கடையில், பேச்சுக்குப் பேர்போன மனுஷன், வாய் திறக்க முடியாமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்ததை முதல் முறையாக நினைத்துப் பார்த்தாள். 'கடைக்குப் போகணுமா' என்று அவள் கேட்டபோதெல்லாம் வந்த அந்த மௌனத்தையும் நினைத்தாள். மறுக்க ஒரு வார்த்தை இல்லாத ஆள் எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவார். அவரும் அலுத்துப்போய்த்தான் கடைசியில் சரி என்கிற மாதிரி 'அதான்' என்றிருக்கிறார்.

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன். அவர் சொல்லல. தப்பா சொல்லிட்டேன்."

"அப்போ மத்ததெல்லாம்? என் அக்கா வீட்டுக்கு வரப் பிடிக்கலைன்னு சொன்னீங்க. மாடி ரூம்லயே படுத்துக்கறேங்கறாருன்னு சொன்னீங்க. அதெல்லாம்?"

டீச்சர் யோசித்தாள். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். எது அவர் சொன்னது, எது தான் சொன்னது என்று பிரிக்க முயன்றாள். முடியவில்லை.

"தெரியலக்கா. நிஜமாவே தெரியல. ஒவ்வொண்ணா அவரையே கேளுங்க. மன்னிச்சுக்கங்க."

மனைவி அவளைத் திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டு வந்தது. ஆனால் அவளுக்கு இல்லை.

"ஏங்க, மாடி ரூம் உங்களுக்குப் பிடிச்சிருக்கா, இல்லையா? முறைக்காதீங்க, வாயைத் திறந்து சொல்லுங்க. தனியாப் படுத்து ஆறு மாசம் ஆச்சு, ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு? சரி சரி, பேசல. நான் பேசல. சொல்லுங்க." பிறகு சத்தமே இல்லை. ஃபோனை எங்கோ வைத்துவிட்டாள் போல, தூரத்தில் விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல், "கீ... கீழ..."

டீச்சர் அதற்கு மேல் கேட்கவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு ஃபோனை மேசையில் வைத்தாள். உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. அசதி ஒன்றும் இறங்கவில்லை. நாளைக்கு ஸ்டாப்வாட்சிடம் பழைய தாள்களைக் கொடுத்து, அந்தப் பதினேழுகளையெல்லாம் அடித்துவிடச் சொல்ல வேண்டும். அவர் ஏதாவது குத்தலாகச் சொல்வார். சொல்லட்டும்.

"என்னவாம்?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் பேசிட்டிருக்காங்க."

"அவருக்குத்தான் பேச்சே வராதே?"

"நேரம் ஆகும்," என்று சொல்லிவிட்டு டீச்சர் பாலைக் காய்ச்ச எழுந்தாள்.